கல்யாண மண்டபத்தில் பிக் பேண்ட்: இருபது மெத்தைகளும் இரண்டு மைக்குகளும்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. சென்னையின் சபாக்கள் நிரம்பி வழிகிற அதே நாட்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வாடகையும் பாதியாக இறங்கிவிடும். பெரம்பூரில் ஒரு பிக் பேண்டின், அதாவது ஜாஸ் வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுவின், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மண்டபம் கிடைத்தது அப்படித்தான். ஒலிப்பதிவு என் பொறுப்பு.

என்னை அழைத்தவர் அந்தக் குழுவின் முதல் ஆல்டோ சாக்ஸபோன்காரர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் அழைப்போம். தொலைபேசியில் அவர் சொன்னது ஒரே ஒரு குறை: "தம்பி, போன வருஷம் எடுத்த ரெக்கார்டிங்கில் ஐந்து சாக்ஸபோனும் ஐந்து ஊரில் இருந்து வாசித்தது போல் இருந்தது. இந்த வருஷம் ஒரே ஊராக இருக்க வேண்டும்." இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு வேலை சொன்னதில்லை. அடுத்த மூன்று வாரமும் இந்த வாக்கியம்தான் என் அளவுகோல்.

பிக் பேண்ட் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான குழுவில் 17 பேர். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பேரிடோன். அதற்குப் பின்னால் நான்கு டிராம்போன், கடைசி வரிசையில் நான்கு டிரம்பெட். பக்கத்தில் பியானோ, கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். ஒவ்வொரு வரிசையின் தலைமை வாசிப்பாளரும் ஒருவருக்குப் பின் ஒருவராக நேர்க்கோட்டில் உட்காருவார்கள். முதல் டிரம்பெட் எப்படி மூச்சை விடுகிறாரோ அதைக் கேட்டு முன்னால் இருப்பவர்கள் தங்கள் சுரத்தின் நீளத்தை வைத்துக்கொள்வார்கள். ஒலியின் சமநிலையைப் பொறியாளர் உண்டாக்க வேண்டியதில்லை, அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். குழுவுக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், காற்றில், அது முழுசாக இருக்கும். மோசமான கூடம் முதலில் கெடுப்பது அந்தக் காற்றைத்தான்.

முதல் நாள் மண்டபத்துக்குள் போய்க் கை தட்டியதுமே வயிற்றைக் கலக்கியது. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் உயரம். தரை முழுக்க மெருகேற்றிய கிரானைட். சுவரில் இடுப்பளவுக்கு டைல்ஸ், அதற்கு மேல் வெறும் பூச்சு. கூரை தட்டையான கான்கிரீட். ஒரு கோடியில் மணமேடை. அது சுவருக்குள் பதிந்த ஒரு குகை, மேலே வளைவுகள், அதன் கூரை மூன்று மீட்டருக்கு மேல் இருக்காது. தட்டிய கை ஓய்ந்த பிறகும் சத்தம் கிர்ரென்று தரைக்கும் கூரைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

பலூன்கள் கொண்டு போயிருந்தேன். பெரிதாக ஊதி, ஊசியால் குத்தி, கையடக்க ரெக்கார்டரில் பதிந்துகொள்வது எளிய வழி. ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். தெருச் சத்தத்துக்கு நடுவே 60 டெசிபல் இறக்கத்தை முழுசாகப் பார்க்க முடியாது. ஆரம்ப வெடிப்பை விட்டுவிட்டு 30 டெசிபல் இறங்கும் நேரத்தை எடுத்து இரட்டித்துக்கொள்வோம். மூன்று இடங்களில் வெடித்துப் பார்த்ததில் நடு அதிர்வெண்களில் சராசரி 2.9 விநாடி வந்தது. வேகமான ஸ்விங் பாடலில் ஒரு விநாடிக்குள் ஆறேழு சுரம் ஓடிவிடும். 2.9 விநாடி என்றால் ஒவ்வொரு சுரமும் அடுத்த பதினேழு முதல் இருபது சுரங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

கணக்குப் போட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன் கொடுத்த சூத்திரம்: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, கூடத்தின் மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் எதிர்முழக்க நேரம். எங்கள் மண்டபம் 1,382 கன மீட்டர்; வெறுமையாக இருக்கும்போது அதன் மொத்த உறிஞ்சுதிறன் வெறும் 77 சதுர மீட்டர், அதாவது ஒலியை முழுசாக விழுங்கும் 77 சதுர மீட்டர் பரப்புக்குச் சமம். எனக்கு வேண்டியது 1.5 விநாடி. அதற்கு 148 தேவை. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உறிஞ்சுவார். 100 ரசிகர்களும் 17 கலைஞர்களும் சேர்ந்தால் 53 வரை வரும். இன்னும் பதினெட்டாவது வேண்டும்.

சபைன் 1895-இல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை நடுராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அது ஓயும் நேரத்தை அளந்தார். இதை நினைத்துக்கொண்டு படியேறியபோதுதான் மாடி அறைகள் கண்ணில் பட்டன. மாப்பிள்ளை வீட்டார் அறை, பெண் வீட்டார் அறை, இரண்டிலும் சுவரோரமாக இலவம்பஞ்சு மெத்தைகள். எண்ணினேன்: 26. ஆறு மெத்தைகள் ஓதம் ஏறிக் கட்டி தட்டிப் போயிருந்தன. மீதி 20.

மேனேஜர் அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "மெத்தையைச் சுவரில் கட்டினால் கிழிந்து போகாதா தம்பி? தை பிறந்ததும் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது." ஒரு மெத்தைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி, கிழிந்தால் புது உறை தைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகு சாவியைக் கொடுத்தார். மழை விட்ட ஒரு நாளில் இருபதையும் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டினோம். ஒவ்வொன்றும் மூன்று நான்கு விரற்கடை உயர்ந்தது. பஞ்சு உப்பினால்தான் காற்று உள்ளே போகும். காற்று உள்ளே போனால்தான் ஒலி அங்கே தேய்ந்து சாகும். கட்டி தட்டிய மெத்தை சுவரைப் போலவே திருப்பி அடிக்கும்.

கட்டும் வேலையைப் பந்தல்காரர் பார்த்துக்கொண்டார். சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்கே கழி கட்டி, மெத்தைகளைச் சாப்பாட்டு மேசைகளின் மேல் நிறுத்திக் கயிற்றால் பிணைத்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும் என்றேன். ஒட்டி வைத்தால் பாதிப் பலன்தான்: சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை, கால் அலைநீளம் தள்ளித்தான் அதிகம் அசைகிறது. மெத்தையின் கனத்தையும் இடைவெளியையும் சேர்த்து 25 சென்டிமீட்டர் வந்தது. 350 ஹெர்ட்ஸ் வரை அது உதவும், அதற்குக் கீழே மெல்லக் கைவிடும். கட்டி முடித்ததும் மறுபடி பலூன். 2.2 விநாடி. கணக்குப் பொய்க்கவில்லை.

அடுத்து மேடை. அங்கிளுக்கு மணமேடைதான் வேண்டும். "மேடை இருக்கும்போது தரையில் உட்கார்ந்து வாசிப்பதா?" என்றார். அவர் மனத்தாங்கல் எனக்குப் புரிந்தது. மேடை என்பது மரியாதை. ஆனால் அந்தக் குகைக்குள் எட்டுப் பித்தளைக் கருவிகளை வைத்தால், சத்தம் முதலில் அங்கேயே மூன்று முறை புரண்டுவிட்டுத்தான் வெளியே வரும். வந்ததும் 24 மீட்டர் நீளத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் மோதித் திரும்ப பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அது தனி எதிரொலியாகவே கேட்கும். வாதம் செய்யாமல் ஒரு டிராம்போன்காரரை மேடையில் நிறுத்தி ஒரு நான்கு பார் (தாளச் சுற்று) வாசிக்கச் சொன்னேன். அங்கிளைக் கூடத்தின் நடுவில் நிற்க வைத்தேன். பிறகு அதே நான்கு பார், நீளச் சுவரின் நடுவில், தரையில். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. தம் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தரையில் போட்டார்.

அப்படி நீளச் சுவரைப் பின்னால் வைத்துக் குழு அகலவாக்கில் பார்த்து உட்கார்ந்தது. எதிர்ச்சுவர் பத்து மீட்டர் தூரம். அங்கேதான் 12 மெத்தைகள். டிரம்ஸுக்குப் பின்னால் நான்கு, இரு கோடிகளிலும் இரண்டிரண்டு. குழுவின் காலடியில் ஜமக்காளம் விரித்தோம். ஜமக்காளத்தால் பெரிய பலன் இல்லை, உச்ச அதிர்வெண்களில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நாற்காலி இழுக்கும் சத்தமும் தாளம் போடும் செருப்புச் சத்தமும் நின்றது. அதற்காகவே போடலாம்.

ஒலிபெருக்கி வைக்க வந்தவர்கள் நான்கு பெரிய பெட்டிகளும் இரண்டு பேஸ் பெட்டிகளும் இறக்கினார்கள். இரண்டு பெட்டிகள் போதும், அவற்றில் பாடகியும் மின்பியானோவும் தவிர வேறு எதுவும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். நூறு பேருக்கு முன்னால் நான்கு டிரம்பெட்டுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

மைக் விஷயத்தில் நான் நிதானம் தவறினேன். கையில் 24 தடங்கள் பதியும் கருவி இருந்ததால் இருபத்து நான்கையும் நிரப்பினேன். சாக்ஸபோனுக்கு ஆளுக்கொன்று, டிராம்போனுக்கும் டிரம்பெட்டுக்கும் ஆளுக்கொன்று, டிரம்ஸுக்கு நான்கு, பேஸுக்கும் கிட்டாருக்கும் ஒவ்வொன்று, பியானோவுக்கு இரண்டு தடம், பாடகிக்கு ஒன்று. கடைசியாக, குழு முழுவதற்குமாக முன்னால் உயரத்தில் இரண்டு: 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 பாகை விரிந்த ஒரு ஜோடி, பிரெஞ்சு வானொலியார் வகுத்த முறை. சென்னையில் சாக்ஸபோன் என்றதும் நம் காதில் ஒலிப்பது கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோ. ஒற்றை வாத்தியம், மைக் அதன் வாயருகே, ஒவ்வொரு கமகமும் துல்லியம். தனிக்கச்சேரிக்கு அது சரி. அந்தப் பழக்கத்தில் ஐந்து சாக்ஸபோனுக்கும் ஐந்து மைக் வைத்தால் ஐந்து தனிக்கச்சேரிதான் கிடைக்கும். இது அன்று என் மண்டையில் உறைக்கவில்லை.

ஜோடி மைக்கை எங்கே நிறுத்துவது என்பதில் மட்டும் சரியாக நடந்துகொண்டேன். எந்தக் கூடத்திலும் ஒரு தூரம் உண்டு: அதற்கு உள்ளே நின்றால் வாத்தியத்தின் நேர் ஒலி மேலோங்கும், தாண்டினால் கூடத்தின் முழக்கம் மேலோங்கும். இந்த மண்டபம் வெறுமையாக இருந்தபோது அந்தத் தூரம் ஒன்றேகால் மீட்டர்தான். மெத்தையும் கூட்டமும் சேர்ந்த பிறகு ஒன்றேமுக்கால் மீட்டராகும். மைக்கும் முன்பக்கத்தை மட்டும் கேட்கிற வகை என்பதால் மூன்று மீட்டர் வரை தைரியமாகப் போகலாம். சாக்ஸபோன் வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், மூன்று மீட்டர் உயரத்தில் நிறுத்தினேன்.

ஒத்திகையில் டபுள் பேஸின் ஒரே ஒரு சுரம் மட்டும் பானைக்குள் பேசியது போல் வீங்கியது. 73 ஹெர்ட்ஸ், டி சுரம். உயரம் 4.8 மீட்டர், ஒலியின் வேகம் அன்றைய வெப்பத்தில் விநாடிக்கு 349 மீட்டர். வகுத்துப் பார்த்தால் தரைக்கும் கூரைக்கும் நடுவே நிற்கும் இரண்டாவது நிலையலை மிகச்சரியாக அங்கே விழுகிறது. அந்த அலையின் அழுத்தம் உயரத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் பூஜ்யமாக இருக்கும். முக்கால் பங்கு என்றால் 3.6 மீட்டர். ஸ்டாண்டை அறுபது சென்டிமீட்டர் உயர்த்தினேன். ஹெட்போனில் அந்த டி சுரம் மற்றச் சுரங்களோடு வரிசையில் வந்து நின்றது. பேஸ் வாசித்த தம்பியிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

மற்றக் கோளாறுகள் வழக்கமானவை. கிட்டார் ஆம்ப்ளிபயரில் ஒரே இரைச்சல். மேடைப் பக்கத்துச் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 11 வோல்ட். போர்டுக்குள் எர்த் கம்பி கழன்று தொங்கியது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் அதைப் பூட்டினார். ஒலிக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்தேன், சீரியல் விளக்குகளை வேறு ஃபேஸுக்கு மாற்றச் சொன்னேன். குழுவுக்கு நேர் மேலே சுழன்ற மூன்று மின்விசிறிகளை நிறுத்தினோம். காற்று மைக்கில் மோதுவது ஒருபுறம், சாக்ஸபோனின் நீண்ட சுரம் இறக்கைகளில் பட்டுத் திரும்பி நடுங்குவது இன்னொருபுறம். மழைக்கால ஈரத்தில் கன்டென்சர் மைக்குகள் பொரியும். ஜோடி மைக்கில் இடது பக்கம் ஒத்திகையிலேயே படபடவென்றது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் டப்பாவில் ராத்திரி முழுக்க அடைத்து வைத்து, மறுநாள் அந்த மைக்குகள் இயங்கத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தை இரண்டு மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அடங்கியது.

நிகழ்ச்சிக்கு முன் செய்த ஒரு காரியத்துக்காகப் பிறகு மிகவும் மகிழ்ந்தேன். ஒவ்வொருவர் நாற்காலியருகிலும் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிப் பதிந்துகொண்டேன். அருகில் இருக்கும் மைக்குக்கும் முன்னால் இருக்கும் ஜோடிக்கும் அந்தச் சத்தம் எவ்வளவு நேர வித்தியாசத்தில் போய்ச் சேர்கிறது என்று பின்னால் கணினியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

நிகழ்ச்சி ஒரு மணி நாற்பது நிமிடம். மண்டபம் நிறைந்தது, கடைசி நிமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் தேட வேண்டியிருந்தது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு ஜிபி வீதம் வட்டில் ஏறிக்கொண்டிருந்தது. எந்தத் தடத்திலும் உச்சம் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி ஒத்திகையிலேயே வைத்திருந்தேன். மேடை வெளிச்சமும் கைதட்டலும் சேர்ந்தால் டிரம்பெட்காரர்கள் ஒத்திகையைவிடப் பலமாக ஊதுவார்கள் என்பது அனுபவம். ஊதினார்கள்.

பிறகு வில்லிவாக்கத்தில் என் அறை. முதல் இரண்டு நாளும் வீண். இருபத்து நான்கு தடங்களையும் திறந்து வைத்து ஒவ்வொன்றாகச் செதுக்கினேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். சேர்த்தால் அங்கிள் சொன்ன ஐந்து ஊர். காரணம் யோசித்தால் எளிது: இரண்டாம் ஆல்டோவின் மைக்கில் இரண்டாம் ஆல்டோ மட்டும் இல்லை. பின்னால் இருக்கும் டிராம்போன் ஐந்து மில்லி விநாடி தாமதமாக அதில் இருக்கிறது, அதற்கும் பின்னால் டிரம்பெட் இருக்கிறது, கூடம் இருக்கிறது. இருபது மைக்கைத் திறந்தால் ஒரே டிரம்பெட் இருபது வெவ்வேறு நேரங்களில் வந்து சேருகிறது. மெத்தை கட்டி விரட்டிய முழக்கத்தை நானே வாசல் திறந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எல்லாவற்றையும் இறக்கினேன். ஜோடியை மட்டும் வைத்து முழு நிகழ்ச்சியையும் எதையும் தொடாமல் கேட்டேன், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு. எது காணவில்லை என்பதை மட்டும் எழுதினேன். பியானோவின் இடது கை. பேஸின் தொடக்க விரல் ஒலி. பேரிடோன் சாக்ஸபோன், வரிசையின் கோடியில் இருப்பதால். பாடகியின் மெய்யெழுத்துகள். பெரிய டிரம்மின் உதை. டிரம்பெட் வரிசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது அங்கே முழுசாகவே இருந்தது.

எழுதியதை மட்டும் சேர்த்தேன். ஒவ்வொரு மைக்கையும் மரக்கட்டைச் சத்தத்தைப் பார்த்துத் தாமதப்படுத்தினேன்: பேரிடோனுக்குப் பத்து மில்லி விநாடி, டிரம்ஸுக்குப் பதினான்கு. பேஸ் தடம் சேர்த்ததும் கனம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. கேபிளின் ஒரு முனையில் இரண்டாவது ஊசியும் மூன்றாவது ஊசியும் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அலையைத் தலைகீழாகத் திருப்பியதும் சரியானது. ஜோடியில் 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை அகலமாக மூன்று டெசிபல் குறைத்தேன், மெத்தையால் முடியாத வேலை அது. எப்போதும் திறந்திருந்தவை கடைசியில் எட்டுத் தடங்கள். யாராவது எழுந்து நின்று தனியாக வாசிக்கும்போது மட்டும் அவருடைய மைக்கை மெல்ல ஏற்றி, உட்காரும்போது இறக்கினேன். பாடகியின் குரலுக்கு மட்டும் துளி செயற்கை முழக்கம். மற்றவர்களுக்கு மண்டபத்தின் ஒன்றரை விநாடியே போதுமானதாக, இனிமையாகவும் இருந்தது.

அங்கிள் வீட்டுக்கு வந்து கேட்டார். இரண்டாவது பாடலில் சாக்ஸபோன்கள் மட்டும் பதினாறு பார் சேர்ந்து போகும் இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், அது முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, திரும்பவும் அங்கிருந்தே போடச் சொன்னார். மூன்று முறை. "கடைசி சுரத்தில் இரண்டாம் டெனர் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டான், கேட்டாயா?" என்றார். போன வருஷப் பதிவில் அந்தத் தப்பு கேட்டிருக்கவே கேட்காது; ஐந்து பேர் ஒன்றாக விட்டால்தானே ஒருவர் முன்னால் விட்டது தெரியும்.

எனக்குத் திருப்தியில்லாதது ஒன்று உண்டு. மைக் ஜோடியை உயர்த்தியதால் கூரை நெருங்கிவிட்டது. சாக்ஸபோன் ஒலி கான்கிரீட்டில் பட்டு ஆறு மில்லி விநாடி பின்தங்கி மறுபடி மைக்குக்கு வருகிறது. மெதுவான பாடல்களில், கூர்ந்து கேட்டால், ஒரு குழாய்க்குள் இருந்து வருகிற நிறம் லேசாகத் தெரிகிறது. அடுத்த மார்கழிக்குச் சவுக்குக் கழிகளைக் கூரையை ஒட்டிக் குறுக்கே கட்டி, ஜோடிக்கு மேலே நான்கு மெத்தைகளைத் தொங்கவிட முடியுமா என்று பந்தல்காரரிடம் கேட்டேன். மின்விசிறிக் கொக்கிகள் தாங்கும், ஆனால் இரட்டைக் கயிறு வேண்டும் என்றார். மேனேஜர் அண்ணாச்சி ஓதம் ஏறிய ஆறு மெத்தைகளையும் புதுப் பஞ்சு போட்டுத் தைக்கக் கொடுத்திருக்கிறார்.